தொடை இழுத்த ப்ரூயிட்டும் முதுகு போன லென்னும்

லொரெய்ன் ஊரில் லென் ஹுடாக்கின் முகத்தைத் தெரிந்தவர்களைவிடக் குரலைத் தெரிந்தவர்கள் அதிகம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வானொலியில், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஃபுட்பால் பற்றிய வம்பு நிகழ்ச்சி தொடங்கும். "அடுத்து லைன்ல நம்ம லொரெய்ன் லென்" என்று அதை நடத்துபவர் சொன்னதும் ஏரிக்கரைச் சாலையில் போகும் லாரி ஓட்டுநர்கள் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வார்கள். லென் யாரையாவது பாராட்டி அவர்கள் கேட்டதே இல்லை.

ஐம்பத்தாறு வயது. முப்பது வருடம் குழாய் ஆலையில் வேலை. போன வருடம் செப்டம்பரில் சங்கிலியிலிருந்து நழுவிய ஒரு குழாயைத் தோள் கொடுத்துத் தாங்கப் போய், அவருடைய முதுகுத்தண்டில் ஒரு வட்டு நழுவியது. அன்றிலிருந்து வீட்டில்தான் இருக்கிறார். வேலையில் அடிபட்டவர்களுக்குக் கொடுக்கும் வாரப்படியில் குடும்பம் ஓடுகிறது. குனிய முடியாது. சாக்ஸ் போடுவதற்கு மனைவி வெர்னா வரவேண்டும். நல்லவேளையாக வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

அந்த வாய்க்கு ஸ்டோக்கர்ஸ் அணி வாரம் தவறாமல் தீனி போட்டது. போன வருடம் பதினேழு ஆட்டத்தில் பதினான்கில் தோற்ற அணி அது. தோற்றவனுக்குத்தான் அந்த ஆட்டத்தில் பரிசு. ஏப்ரலில் கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் பங்கு போட்டுக்கொள்ளும் டிராஃப்ட் நடக்கும்போது, கடைசியில் நின்றவனுக்கு முதலில் கை வைக்கும் உரிமை. ஸ்டோக்கர்ஸ் கை வைத்தது கீலன் ப்ரூயிட் மேல். எதிரணியில் பந்து வீசுகிறவனைத் துரத்திச் சாய்ப்பதுதான் அவனுக்கு வேலை. ஆகஸ்டில் பயிற்சியின் மூன்றாம் நாள் பின்தொடைத் தசை இழுத்துக்கொண்டது. செப்டம்பரில் ஒருமுறை, அக்டோபரில் ஒருமுறை மறுபடி இழுத்தது. இரண்டாவதாக எடுத்த ஃபெரெலுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. பந்து மட்டும் அவன் கையில் தங்க மறுத்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்லோவாக் கிளப்பின் நிலவறையில், டிவியில் ஆட்டம் ஓட ஓட, இந்த இரண்டு பேரையும் பற்றித்தான் சண்டை. அங்கே லென்னுக்கென்று சாய்மானம் உள்ள ஒரே நாற்காலியை ஒதுக்கி வைத்திருந்தார்கள். வெர்னா தைத்துக் கொடுத்த மெத்தை அதில் எப்போதும் கிடக்கும். மெல்ல மெல்ல, முனகிக்கொண்டே அதில் இறங்கி உட்கார்ந்துதான் அவர் அடிபட்டவர்களைத் திட்ட ஆரம்பிப்பார்.

"ஃபெரெல்தான்யா மோசம்" என்பார் கஸ் பாவ்லிக். முப்பது வருடம் லென்னோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவர். "கையில வெண்ணெய் தடவிட்டு வந்த மாதிரி நழுவ விடுறான்."

"அவனாவது களத்துக்கு வர்றான். ப்ரூயிட் எங்க? மசாஜ் மேசையில படுத்துக்கிட்டுச் சம்பளம் வாங்குறான்."

"தசை கிழிஞ்சா வலிக்காதாடா?" என்று வில்லி ரிவேரா கேட்பார். அவர் எதிர்வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற தபால்காரர், எதற்கும் நியாயம் பேசுகிறவர். "உனக்கு வலிக்கலையா?"

"எனக்கு வட்டு. அவனுக்குத் தொடை. எந்திரிச்சு நடந்தா தானா சரியாப் போயிடும்!"

இந்தக் கடைசி வரியை லென் எத்தனை முறை சொல்லியிருப்பாரோ, கிளப்பில் கோப்பை உடைந்தால்கூட யாராவது அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

நவம்பரில் முதல் பனி முழங்கால் அளவு விழுந்தது. மறுநாள் திங்கட்கிழமை. ப்ரூயிட் இன்னும் மூன்று வாரம் ஆடமாட்டான் என்று செய்தி வந்திருந்தது. வானொலிக்காரர் "பாவம், சின்ன வயசு" என்று சொல்லிவிட்டார். லென்னுக்குப் பொறுக்கவில்லை. உடனே ஃபோன் போட்டார்.

"எது பாவம்? என் முதுகுல வட்டு நழுவி பதினாலு மாசம் ஆச்சு. இன்னைக்குக் காலைல எந்திரிச்சு என் வீட்டு வாசல், பக்கத்து வீட்டு வாசல், ரெண்டுலயும் பனிய வாரிக் கொட்டிட்டுத்தான் உங்களுக்கு ஃபோன் பண்றேன். வாயத் தொறந்து ஆன்னு ஒரு வார்த்தை சொன்னேனா? இருபத்திரண்டு வயசுப் பயலுக்கு ஓட முடியலையாம்!"

"சபாஷ் லென்! ஆமா, பின்னாடி என்ன கரக் கரக்னு சத்தம்?"

"பக்கத்து வீட்டுக்காரன். என்னைப் பாத்து ரோஷம் வந்து அவனும் வாருறான்."

சன்னலுக்கு வெளியே வெர்னா, லென்னுடைய பழைய ஆலைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்கப் பனி வாரிக்கொண்டிருந்தாள்.

லாரி ஓட்டுநர்கள் மட்டும்தான் அந்த நிகழ்ச்சியைக் கேட்கிறார்கள் என்று லென் நினைத்தது தப்பு. ஆலையின் வக்கீலும் காரில் போகும்போது கேட்பாராம். பத்து நாளில் கடிதம் வந்தது. முதுகு குணமாகிவிட்டதாகத் தெரிகிறது, வாரப்படியை ஏன் நிறுத்தக்கூடாது, டிசம்பர் ஐந்தாம் தேதி விசாரணைக்கு வரவும். கடிதத்தைப் படித்துவிட்டு வெர்னா அதை மடித்து வைத்தாள். குனிந்து, அவருக்குச் சாக்ஸை மாட்டிவிட்டாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறுக்கமாக.

விசாரணை நாளன்று வெர்னா லென் பக்கத்தில் உட்கார்ந்தாள்; ஆதரவுக்கென்று கஸும் வில்லியும் கூட வந்து பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டார்கள். லென்னுக்கு அதுதான் பெரிய சங்கடமாகப் போயிற்று.

விசாரணை அதிகாரி டிரையர் அம்மையார் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்திருந்தார். வக்கீல் ஒலிப்பதிவை ஓடவிட்டார். அறை முழுக்க லென்னின் கம்பீரமான குரல். பின்வரிசையில் கஸுக்குப் பெருமை தாங்கவில்லை.

"மிஸ்டர் ஹுடாக், இது உங்க குரல்தானே?" என்றார் வக்கீல்.

"ஆமா."

"ரெண்டு வாசல்லயும் நீங்கதான் பனி வாரினீங்களா?"

லென் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தார். ஆமாம் என்றால் படி போய்விடும். அதோடு ஏமாற்றுக்காரன் என்ற பட்டம் வேறு. இல்லை என்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்குள் எந்த முகத்தோடு நுழைவது? படி இல்லாமல் எப்படியாவது காலத்தை ஓட்டிவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. சொன்னால் நம்பமாட்டீர்கள், நிஜமாகவே தோன்றியது.

"மேடம், அவங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய போனாங்கன்னா சொல்லிடுறேன்."

"இது பொது விசாரணை. யாரும் போகவேண்டியதில்லை. சொல்லுங்க."

ஊரே கேட்ட வாய், தேவைப்பட்ட நேரத்தில் அடைத்துக்கொண்டது. அப்போது வெர்னா எழுந்தாள்.

"அம்மா, அந்தப் பதிவை இன்னொரு தடவை போடச் சொல்லுங்க. கடைசிப் பக்கத்த."

போட்டார்கள். கரக், கரக், கரக்.

"அந்தச் சத்தம் நான்தான். எங்க மண்வாரிக்கு முனை வளைஞ்சிருக்கு, அதான் அப்படிக் கரகரங்குது, வேணும்னா கார்லருந்து கொண்டு வரேன். எங்களுக்குக் கல்யாணம் ஆகி இருபத்தொம்பது வருஷம். முதுகு நல்லா இருந்தப்பவே இந்த மனுஷன் பனி வாரினது கெடையாது. பனி விழுந்தா இவருக்கு மேட்ச் இருக்கும்."

பின்வரிசையில் கஸ் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தும்மல் போல ஒரு சத்தம் போட்டார். அதிகாரி லென்னைப் பார்த்தார்.

"பொய் சொன்னேன் மேடம்" என்றார் லென். "மண்வாரியைத் தூக்கக்கூட முடியாது என்னால. சாக்ஸ்கூட இவதான் மாட்டி விடுறா."

"எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"ப்ரூயிட்டுக்குக் கொஞ்சம் வெக்கம் வரட்டும்னு."

அம்மையார் வெகுநேரம் எதையோ எழுதினார். படி தொடரும் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதைத் தீர்ப்புல எழுத முடியாது. ஆனா அந்தப் பையனைக் கொஞ்சம் விட்டுடுங்க, மிஸ்டர் ஹுடாக். நானும் திங்கக்கிழமை கேக்குறவதான்" என்றார்.

அந்தத் திங்கட்கிழமை லென் ஃபோன் செய்யவில்லை. லொரெய்ன் லென்னுக்கு உடம்பு சரியில்லையா என்று வானொலியில் விசாரித்தார்கள். பதினைந்து மாதத்தில் முதல்முறையாக.

ஞாயிற்றுக்கிழமை ப்ரூயிட் களத்துக்குத் திரும்பினான். வீட்டில் இருந்துவிடலாம் என்று பார்த்தும் லென்னால் முடியவில்லை, போய்விட்டார். நிலவறைக்குள் கால் வைத்ததும் அங்கே இருந்த எட்டுப் பேரும் சேர்ந்து மேசையில் கோப்பையைத் தேய்த்தார்கள். கரக், கரக், கரக். அவருடைய நாற்காலியில் மெத்தைக்கு மேல் ஒரு ஜோடி சாக்ஸ் மடித்து வைக்கப்பட்டிருந்தது. லென் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்டம் மூன்றாம் கால்பகுதிக்கு வந்தது. ஃபெரெல் இரண்டு பந்தை விட்டான். கஸ் எகிறிக் குதித்தார். லென் தன் முன்னால் இருந்த பியரோகிக் கொழுக்கட்டைத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது ப்ரூயிட் பாய்ந்தான். தன்னைவிடப் பெரிய இரண்டு பேரைத் தோளால் தள்ளிக்கொண்டு, பந்து வீசுகிறவனை நோக்கி, தடுக்க யாருமே இல்லாமல். லென் தன்னை மறந்துவிட்டார். "பிடிடா அவனை!" என்று துள்ளி எழுந்தார்.

முதுகில் சுரீரென்று ஒரு வெட்டு. நாற்காலிக்கும் மேசைக்கும் நடுவே மரம் சாய்ந்த மாதிரி விழுந்தார். டிவியில் ப்ரூயிட்டும் தொடையைப் பிடித்துக்கொண்டு புல்லில் கிடந்தான்.

கஸ் டிவியைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"யோவ் லென், நடிக்காத. எந்திரிச்சு நடந்தா தானா சரியாப் போயிடும்!"

எட்டுப் பேரும் அதைத் திரும்பச் சொன்னார்கள். ஒருவன் ராகம் போட்டே சொன்னான். வலிக்குதுடா என்று சொல்ல லென்னுக்கு மூச்சு வரவில்லை. ஆட்சேபிக்கவும் வாயில்லை. அந்த வரி அவருடையதுதான்.

வில்லி மட்டும் மண்டியிட்டு மெத்தையை உருவி அவர் தலைக்கடியில் வைத்துவிட்டு, வெர்னாவுக்கு ஃபோன் போட்டார். அந்தப் பக்கம் கேட்ட சத்தம் எல்லோருக்கும் பழகின சத்தம்தான். "வாசல்ல பாதி முடிச்சிட்டேன், மீதிய வாரிட்டு வரேன்னு சொல்லு" என்றாள்.

"சரி, பந்தயம்" என்றார் கஸ். "ரெண்டு பேரும் கீழ கெடக்கானுங்க. முதல்ல எவன் எந்திரிப்பான்? ஒரு தட்டு பியரோகி."

எல்லாக் கையும் ப்ரூயிட்டுக்கே உயர்ந்தது. வில்லியின் கையும்தான். டிவியில் இரண்டு வைத்தியர்கள் ப்ரூயிட்டின் அருகே குனிந்திருந்தார்கள். பியர் சிந்தி ஒட்டிக்கொள்ளும் தரையில் கன்னம் பதிந்தபடி, மேசைக் கால்களுக்கு நடுவே லென்னுக்கும் அது கொஞ்சம் தெரிந்தது. பையன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

லென் ஒரு விரலை உயர்த்தினார்.

"எனக்கும் ஒண்ணு" என்றார். "ப்ரூயிட் மேல."