வளர்மதிக்கு விழுந்த கழித்தல் குறி

போன வெள்ளிக்கிழமை காலை குமணன்சாவடியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது வளர்மதியின் தம்பி கூப்பிட்டான். "அண்ணே, அக்கா போயிட்சுண்ணே. வெறும் காய்ச்சல்னுதான் ஆஸ்பத்திரில சேத்தோம்," என்றான். நான் அவர்கள் வீடு இருக்கும் ஆவடி குவார்ட்டர்ஸுக்குப் போய்ச் சேர்வதற்குள் கைப்பேசியில் ஒரு படம் வந்துவிட்டது. வளர்மதியின் முகம், பக்கத்தில் மெழுகுவர்த்தி, 'எங்கள் குடும்பத்தின் ஒளி' என்று ஒரு வரி, அதற்குக் கீழே நன்கொடை அனுப்ப ஒரு இணைப்பு. உடல் இன்னும் வீட்டுக்கே வரவில்லை.

அனுப்பியது யாரென்று, அம்பத்தூரில் எங்களோடு தங்கியிருந்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அனுப்பியது நாங்கள் தங்கிப் படித்த ரெசிடென்ஸியின் நிர்வாகி. பிட்காயின் என்ற இணையப் பணத்தில் லாபம் பார்த்த வெளிநாட்டுக்காரர்கள் சிலரின் நன்கொடையில் நடக்கும் இடம் அது. பிட்காயின் மென்பொருள் யாருக்கும் தனிச்சொத்து இல்லை. எவரும் படிக்கலாம், திருத்தம் அனுப்பலாம். அந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு மூன்று மாதம் தங்க இடம், சாப்பாடு, உதவித்தொகை. முடிவில் இரண்டு பேருக்கு மட்டும் இன்னொரு வருடம் கிடைக்கும். நல்ல காரியம்தான். நடத்திய விதம்தான் நாறியது.

அங்கே உட்காருவதற்குக் கலர் கலராகப் பஞ்சு மூட்டைகள் போட்டிருந்தார்கள். வளர்மதி முதல் நாளே அதை ஒரு உதை விட்டுவிட்டு, "இதுல குந்திகினு எவன் படிப்பான்? முதுகுதான் போவும்," என்றார். மறுநாள் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு வந்தார். தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றில் நிரந்தர வேலையை விட்டுவிட்டு வந்தவர் அவர். அந்த ஒரு வருடம் அவருக்குக் கிடைத்தே ஆகவேண்டும்.

நாங்கள் எல்லோரும் அந்த மென்பொருளுக்குப் புதிதாக எதையாவது எழுதித் தள்ளினோம். அவர் மட்டும் பிறர் எழுதியதை வரி வரியாகப் படித்தார். "எய்துறதுக்கு ஆயிரம் பேர் கீறான். படிக்கத்தான் ஆள் இல்ல. தப்பாச்சுன்னா போய் சண்ட போட இது இன்னா பேங்க்கா?" என்பார். போன் உடைந்துபோனவர் தன் பிட்காயின் கணக்கை மீட்க முடியுமா என்பதை மட்டும் ஆறு வாரம் பார்த்தார். ஒரே வேலையை மூன்று இடத்தில் செய்துகொண்டிருந்த பழைய வரிகளை அழித்து ஒன்றாக்கினார்.

நன்கொடையாளர்கள் வந்த அன்று எல்லோருக்கும் டி-ஷர்ட் கொடுத்தார்கள். திரையில் பச்சை எழுத்துகள் ஓடவேண்டும், பெண்கள் முன்வரிசையில் உட்காரவேண்டும் என்றார் நிர்வாகி. வளர்மதி மடிக்கணினியை மூடிவிட்டு, "மார்க்கெட்ல மீன அடுக்குற மாதிரி அடுக்குறாங்கபா," என்று எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார். நாங்கள் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தோம். நானும்தான்.

கடைசி வாரம் ஒவ்வொருவரும் மற்றவர்களை வரிசைப்படுத்தித் தரவேண்டும் என்பது அங்கே வழக்கம். கையில் ஒரு அட்டவணை தருவார்கள்: யார் எத்தனை வரி சேர்த்தார்கள் என்று. வளர்மதியின் பெயருக்கு நேரே இருந்த எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி. எழுதியதைவிட அழித்தது அதிகம். அந்த அழிப்பின் அருமை தெரிந்த எட்டுப் பேர் உட்கார்ந்து, அவரைக் கடைசியில் போட்டோம். "டோனர்ஸ் கேட்டா மைனஸ்ஸ காட்ட முடியுமா ப்ரோ?" என்றார் நிர்வாகி. நான் தலையாட்டினேன்.

வளர்மதி அந்த நாற்காலியைத் தானே மாடியிலிருந்து தூக்கிக்கொண்டு இறங்கினார். நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு யாரோடோ பேசுவதுபோல் இருந்தேன்.

இப்போது அதே நிர்வாகி வளர்மதியைப் பற்றி இரண்டு பக்கம் கேட்கிறார். "பாசிட்டிவா இருக்கட்டும் ப்ரோ, டோனர்ஸ் படிப்பாங்க." இதோ, இதுதான் அந்த இரண்டு பக்கம். நிர்வாகிக்கும் ஒரு பிரதி அனுப்பிவிட்டேன். அவரைச் சொல்லி என்ன, என்னை நினைத்தால்தான் எனக்கு அதிக அருவருப்பு.

வளர்மதி எழுதிய ஒரு குறிப்பு என்னிடம் இருக்கிறது. நாங்கள் அவரைக் கழித்துவிட்ட மறுநாள், அந்த இரண்டு பேர் யாரென்று நிர்வாகி இன்னும் முடிவு செய்யாதபோது அனுப்பியது. நான் எழுதியதைப் படித்து, கணக்கை மீட்கும் இடத்தில் ஒரு பெரிய ஓட்டையைக் கண்டுபிடித்து, அதை அடைக்கும் வழியையும் எழுதியிருந்தார். கீழே ஒரு வரி: 'நான் சொன்னேன்னு சொல்லாத. உன் மார்க்க கொறச்சிடுவாங்க.'

நான் சொல்லவில்லை. அந்தத் திருத்தத்தை என் பெயரில் அனுப்பினேன். அதற்காகத்தான் எனக்கு அந்த ஒரு வருடம் கிடைத்தது. எங்கள் பிட்காயின் உலகத்தில் ஒருமுறை பதிந்த வரலாற்றைப் பிறகு யாரும் மாற்ற முடியாது. அதைத்தான் எல்லா மேடையிலும் பெருமையாகச் சொல்லுவோம். அவருடைய திருத்தத்துக்கு நேரே என் பெயர் அப்படியே இருக்கிறது.