வெர்லன் போட்ட சிவப்பு வட்டம்

அலபாமாவின் அந்தச் சிறையில் வெர்லன் டிஸ்டேலுக்கு ஜட்ஜு என்று பெயர். கிண்டலாக வைத்த பெயர்தான். ஆனால் மனு எழுத வேண்டுமென்றால் கிண்டல் செய்தவர்களே அவரிடம் வந்து நின்றார்கள். அறுபத்தொரு வயது ஆயுள் கைதி, எட்டாவதோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர், இருபத்திரண்டு வருஷமாக நூலகத்தில் சட்டப் புத்தகங்களோடு குடித்தனம் நடத்துகிறார். கூலி இரண்டு பொட்டலம் நூடுல்ஸ். இல்லாதவனிடம் அதையும் வாங்க மாட்டார். தலைக்கனம் மட்டும் கொஞ்சம் உண்டு. வெளி வக்கீல்கள் எழுதியதைப் பார்த்தால் மூக்கைச் சுளிப்பார்.

கோர்டெல் மிம்ஸ் அவரிடம் ஒரே ஒரு தாளோடு வந்தான். அடகுக்கடைக் கொள்ளை வழக்கில் நாற்பது வருஷம் வாங்கியவன். கடையில் இருந்த பெண் கோர்ட்டில் அவனைத்தான் கைகாட்டினாள். கொள்ளை நடந்த அன்று போலீஸிடம் அவள் சொன்னது வேறு. அந்த வாக்குமூலத்தை அரசுத் தரப்பு யார் கண்ணிலும் காட்டாமல் அமுக்கிவிட்டது. கோர்டெலின் அக்கா ஷனீத் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, அதன் பிரதியை வாங்கி அனுப்பியிருந்தாள். அதுதான் அவன் கையில் இருந்த தாள்.

“பெரிசு, இத ஒரு ஜட்ஜு படிச்சா போதும். ஒரே ஒருத்தர்.”

“படிக்க வச்சிரலாம்டா, கவலைய விடு.”

மாநில கோர்ட் கைவிட்டால் மத்திய கோர்ட்டுக்குப் போகலாம். அதற்கு ஒரு வருஷம் கெடு. தாள் கைக்கு வந்த அன்றே அந்த வருஷம் ஓடத் தொடங்கிவிட்டது. வெர்லனிடம் வருமுன்பே, உதவுவதாகச் சொன்ன ஒரு வக்கீலை நம்பிக் கோர்டெலுக்குப் பத்து மாதம் போயிருந்தது. அந்த வக்கீல் கையை விரித்த பிறகுதான் இங்கே வந்தான். வெர்லன் உடனே மாநில கோர்ட்டில் மனுப் போட்டார். மனு அங்கே கிடக்கும்வரை கெடு நகராது. இரண்டு வருஷம் கிடந்து, ஒற்றை வரியில் தள்ளுபடி ஆனது.

வெர்லன் தன் அட்டைக் காலண்டரில் அன்றைய தேதிக்குச் சிவப்பில் வட்டம் போட்டார். “இன்னையிலேருந்து முழுசா ஒரு வருஷம் இருக்கு. அவசரப்படாம, ஒரு ஓட்டை இல்லாம எழுதுவோம்.”

ஐந்து மாதம் எழுதினார். நாற்பது பக்கம். அதைவிட நல்ல மனுவை அவர் எழுதியதில்லை. மத்திய கோர்ட்டுக்குப் போகும் தபாலைப் பதிவு செய்த சிறைக் காவலர் சார்ஜென்ட் ஹட்டோகூடக் கையில் எடை பார்த்தார்.

“என்னய்யா ஜட்ஜு, எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டா என் வேலை என்னத்துக்கு ஆகும்?”

அரசுத் தரப்பின் பதில் மூன்றே பக்கம் வந்தது. வாக்குமூலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, வெறும் நாள் கணக்கு. மாநில மனு கெடுவை நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான். நின்றது விட்ட இடத்திலிருந்து ஓடுமே தவிர, புதிதாகத் தொடங்காது. பத்து மாதம் போனது போனதுதான். வெர்லனிடம் மிச்சம் இருந்தது இரண்டே மாதம். அவர் எடுத்துக்கொண்டதோ ஐந்து.

இதற்கு முன் அவரிடம் வந்தவர்கள் சூட்டோடு சூடாக மாநில கோர்ட்டுக்குப் போனவர்கள். அதனால் இந்தத் தப்பு ஒருநாளும் மாட்டிக்கொள்ளவில்லை. அன்று மாட்டிக்கொண்டது. யாரோ எழுதியதற்கெல்லாம் மூக்கைச் சுளித்த மனுஷன், சோற்றைத் தொடாமல் கோர்டெலைத் தேடிப் போனார்.

“நாளை எண்ணினது யாரு?” என்றான் கோர்டெல்.

“நான்தான்டா. நானேதான்.”

அவன் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அவன் எழுந்து போய்விட்டான். வெர்லன் உட்கார்ந்து, தவறு முழுக்கத் தன்னுடையது, அவன் தலையில் கட்ட வேண்டாம் என்று சத்தியம் செய்து கோர்ட்டுக்கு எழுதி அனுப்பினார்.

ஏழு வாரத்தில் உத்தரவு வந்தது. சக கைதியின் கணக்குப் பிசகுக்காகக் கெடுவைத் தளர்த்த முடியாது. மனு தள்ளுபடி. மேல்முறையீட்டுக்கும் அனுமதி இல்லை.

கோர்டெல் உத்தரவோடு நூலகத்துக்கு வந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தான்.

“கோர்ட்டு ஜட்ஜு நீ எழுதின மன்னிப்ப படிச்சிருக்காரு, பெரிசு. உத்தரவுல உன் பேரு ரெண்டு எடத்துல இருக்கு. என் தாளப் பத்தி ஒரு வரி இல்ல.”

வெர்லனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. “தம்பி, என்னை…”

“அதெல்லாம் வேணாம்.” சட்டைப்பையிலிருந்து மடிப்பு கிழிந்த அந்தத் தாளை எடுத்து மேஜையில் வைத்தான். “ஊரே உன்னத்தான ஜட்ஜுங்குது? நீ படி. சத்தமா படி.”

வெர்லன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பக்கத்து மேஜைகளில் பேச்சு நின்றது. தேதியை வாசித்தார், நேரத்தை வாசித்தார், அந்தப் பெண்ணின் பெயரை வாசித்தார்.

“‘போட்டோவில் இருக்கும் கோர்டெல் மிம்ஸை எனக்குத் தெரியும். அவன் எங்கள் கடைக்கு வருபவன். துப்பாக்கியோடு வந்தது அவன் இல்லை.’”

“இன்னொரு தடவ,” என்றான் கோர்டெல்.