வெர்னா பார்க்கும் மழை

"மழை வர்ற மாதிரி இருக்கு" என்று வெர்னா டில்லார்ட் அண்ணாந்து பார்ப்பாள். வானத்தில் பொட்டு மேகம்கூட இருக்காது. எதிரே நிற்பவர் அட்டை இயந்திரத்தில் தன் ரகசிய எண்ணை அழுத்தி முடிக்கும்வரை அவளுடைய தலை இறங்காது. ஆறு வருடமாகச் சனிக்கிழமைதோறும் இப்படிப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிதான் மிச்சம்.

கென்டக்கியின் அந்தச் சின்ன ஊரில், நீதிமன்றத்துக்குப் பின்னால் கூடும் உழவர் சந்தையின் வாசலில் அவளுடைய மடக்கு மேசை. அரசின் உணவு உதவி அட்டையை அவளிடம் தேய்த்தால் மர டோக்கன் கிடைக்கும். அதைக் கொடுத்து எந்தக் கடையிலும் காய் வாங்கலாம். பச்சைச் சோளத்துக்கு டோக்கன் செல்லும், வேகவைத்த சோளத்துக்குச் செல்லாது. தக்காளி நாற்று வாங்கலாம், பூச்செடி வாங்க முடியாது. ஏனென்று கேட்டால், "சட்டம் எழுதினவன் சாப்பிட்டுட்டு எழுதியிருக்கான் கண்ணு" என்பாள். டோக்கனுக்குச் சில்லறை தரக் கூடாது என்பதால், எதிர்க்கடை ஓடிஸ் மீதிக்கு இரண்டு உருளைக்கிழங்கை எடுத்துப் பையில் போட்டுவிடுவான்.

இயந்திரத்துக்குச் சிக்னல் போய்விட்டால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து குப்பைத்தொட்டி ஓரம் போய் நிற்பாள். அங்கேதான் சிக்னல் எடுக்கும். "பணக்காரன் அட்டைக்கு மட்டும் சிக்னல் போறதே இல்ல" என்று முனகுவாள்.

வயது அறுபத்தொன்று. மற்ற நாட்களில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. போன குளிர்காலத்தில் அங்கே வேலை நேரத்தைப் பாதியாக வெட்டிவிட்டார்கள். மார்ச்சில் அவளுக்கும் அதே உதவி அட்டை வந்தது. நூலக அட்டைக்குப் பின்னால் அதை ஒளித்து வைத்திருக்கிறாள். தெரிந்த முகம் இல்லாத பக்கத்து ஊர்ப் பெரிய கடைக்கு இருபது மைல் வண்டி ஓட்டிப் போய்த்தான் அதைத் தேய்ப்பாள். அங்கே வாங்கும் தக்காளி நனைந்த பஞ்சு போல இருக்கும். ஓடிஸ் தன் தக்காளியை நீட்டி, "எடுத்துக்கங்க வெர்னாம்மா, இன்னைக்குப் பறிச்சது" என்றால், "வீட்ல ஏகப்பட்டது கிடக்குப்பா" என்பாள். அந்தப் பொய் சொல்லச் சொல்ல அவளுக்கே அலுத்துப்போயிருந்தது.

போன சனிக்கிழமை, இடுப்பில் குழந்தையோடு ஓர் இளம்பெண் மேசையை மூன்று முறை சுற்றி வந்தாள். பெயர் டனிகா. கைக்குள் அட்டையை மூடி வைத்திருந்தாள். யார் யாருக்கோ வெர்னா மழை பார்த்ததையெல்லாம் கவனித்துக்கொண்டே நின்றாள்.

"வா கண்ணு. இதுல வெக்கப்பட என்ன இருக்கு?"

"உங்களுக்கென்னம்மா, மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கீங்க. என் நிலமையில இருந்தா தெரியும்" என்று சொல்லிவிட்டு டனிகா திரும்பி நடந்தாள்.

இவளை இப்படியே விட்டால் இனி இந்தப் பக்கம் வரமாட்டாள் என்பது வெர்னாவுக்குத் தெரிந்தது.

"நில்லு. இந்த மெஷினைக் கொஞ்சம் பிடி" என்று கூப்பிட்டாள். டனிகா திரும்பி வந்து அதை வாங்கிக்கொண்டதும், வெர்னா தன் பையைத் துழாவி, நூலக அட்டைக்குப் பின்னாலிருந்ததை உருவினாள். "நானும் உன் நிலமைதான். மார்ச்சுல இருந்து."

எதிரே ஓடிஸ் கிழங்கும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். வெர்னாவுக்குக் காது மடல்வரை சுட்டது. அட்டையைத் தேய்த்தாள். எண்ணை அழுத்த விரலைக் கொண்டுபோனாள்.

டனிகா குழந்தையின் முகத்தை மெல்லத் தன் தோள் பக்கம் திருப்பிவிட்டு, வெறும் நீலமாய்க் கிடந்த வானத்தை அண்ணாந்து பார்த்தாள்.