டேங்கில் குறைந்த பெட்ரோல்

அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிளிலிருந்து பெட்ரோல் திருடுவது சித்தப்பாதான் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். நம்புவதற்குக் காரணங்களும் இருந்தன. நிலமும் வீடும் பிரிந்தபோது மாட்டுக் கொட்டகை மட்டும் பிரிபடாமல் இரண்டு வீடுகளுக்கும் நடுவில் நின்றுவிட்டது. அதன் ஒரு ஓரத்தில் எங்கள் பசுவும் வண்டியும். மறு ஓரத்தில், சித்தி இறந்தபின் தனியாக இருந்த சித்தப்பாவின் பசுவும் மருந்தடிக்கும் இயந்திரமும். அப்பாவின் வண்டி டூ ஸ்ட்ரோக். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். மருந்தடிக்கும் இயந்திரத்துக்கும் அதே கலவைதான். எடுத்தவனுக்கு ஆயில் கலக்கும் வேலைகூட மிச்சம் என்பார் அப்பா.

போதாததற்கு, அம்மா கண்ணால் பார்த்திருந்தாள். அப்பா இதயச் சிகிச்சைக்காகச் சேலத்தில் படுத்திருந்தபோது, மாற்றுத் துணி எடுக்க ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்தவள், வண்டியருகே குந்தியிருந்த சித்தப்பா எழுந்து துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு போவதைக் கண்டாள். குழாயில் வாய்வைத்து பெட்ரோல் உறிஞ்சுகிறவரைத் தவிர வேறு யார் அப்படித் துடைப்பார்கள்? அப்பா தேறி வந்த பிறகுதான் அதைச் சொன்னாள்.

அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. சொல்ல வேண்டியதை அவரவர் பசுவிடம், மற்றவருக்குக் கேட்கிற குரலில் சொல்வார்கள்.

“ஏன்டி, தண்ணி காட்டுனது போதலயா உனக்கு? பெட்ரோலும் வேணுமா? தெனம் ஒரு வாய் கொறையுதே!” என்று அப்பா எங்கள் பசுவைக் கேட்பார்.

“டப்பா வண்டிய வெச்சுக்கிட்டு ஊரான் வாய மோந்து பாக்கறவங்க பேச்சக் கேக்காத. நீ பாட்டுக்குத் தின்னு,” என்று மறுபக்கத்தில் சித்தப்பா தம் பசுவுக்குப் புத்தி சொல்வார்.

சிகிச்சைக்குப் பின் வண்டி ஓடாமல்தான் நின்றது. ஆனாலும் அப்பா தினமும் டேங்குக்குள் ஒரு தென்னங்குச்சியை விட்டு, ஈரம் ஏறியிருக்கும் இடத்தில் நகத்தால் கீறல் போட்டு வைப்பார். கீறல்கள் இறங்கிக்கொண்டே வந்தன. கடைசியில், கொட்டகையின் நடுவே சுவர் எழுப்புவதென்று முடிவெடுத்தார். செங்கல்லும் வந்து இறங்கியது. சுவர் எழுந்தால் சித்தப்பா பொதுக் கிணற்றுக்குப் போகும் வழி அடைபடும். எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. பசுக்கள் வழியாக நடந்துவந்த அந்த ஒரே பேச்சும் நின்றுபோகும். தனியாக இருக்கும் மனிதருக்கு அந்த வசவாவது வேண்டியிருக்கும் என்று நினைத்தேன்.

நான் தருமபுரியில் வேலையில் இருந்தேன். வாரக் கடைசியில் மாரண்டஹள்ளி பஸ்ஸில் ஊருக்கு வருவேன். பூட்டு வைத்த டேங்க் மூடி வாங்கிவரச் சொன்னார் அப்பா. வாங்கிவந்து மாட்டினேன். சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். அடுத்த வாரமும் கீறல் இறங்கியிருந்தது.

“மூடியத் தெறக்க முடியலன்னதும் கீழ டியூப்பக் கழட்டிப் புடிக்கறான்,” என்றார். எந்தப் புதுச் செய்தியானாலும் சித்தப்பாவிடமே போய்ச் சேரும்படி அவர் மனத்தில் வாய்க்கால் வெட்டியாகியிருந்தது.

எளிதில் கழற்ற முடியாதபடி புது ரப்பர் குழாயும் இறுக்கமான கிளிப்புகளும் போடுவதென்று தீர்மானமாயிற்று. பெட்ரோல் டேப்புக்கு ஒரு வாஷரும் சேர்த்து வாங்கிவந்தேன். சிகிச்சைக்குப் பின் அப்பாவால் குனிய முடியாது. ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். அவர் பார்வை என் கையில் இல்லை. கொட்டகையின் மறு ஓரத்தையே காவல் காத்தது.

டேங்கைக் கேனில் வடித்துவிட்டுப் பழைய குழாயை உருவினேன். எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்தபோது, அது ரப்பர் அல்ல என்று தெரிந்தது. சொட்டுநீர்ப் பாசனத்தில் செடிக்குத் தண்ணீர் விடும் மெல்லிய கறுப்புக் குழாய். எங்கள் வயலில் வாய்க்கால் பாய்ச்சல்தான். சொட்டுநீர் போட்டிருந்தது சித்தப்பாவின் தக்காளித் தோட்டத்தில்.

“பாத்தியா! அவன் தோட்டத்து டியூப்பு!” அப்பா எழுந்தே விட்டார். “உறிஞ்சறதுக்குக் கொண்டாந்தத அப்படியே சொருகிட்டுப் போயிருக்கான். திங்கக்கெழம மேஸ்திரிய வரச் சொல்லு.”

நான் குழாயைத் திருப்பிப் பார்த்தேன். இரு முனைகளிலும் கட்டுக்கம்பி சுற்றியிருந்தது. டேப் பக்கம் இறுக்கமாக இருந்தது. கார்புரேட்டர் பக்கம் குழாய் பெட்ரோலில் ஊறி உப்பி, பிடிப்பு விட்டிருந்தது. அதற்கு நேர் கீழே இன்ஜின்மேல் ஆயிலும் புழுதியும் கறுப்பாக அப்பிக் கிடந்தன. டேப்பின் வாஷர் தேய்ந்திருந்ததால், மூடினாலும் டேப் முழுதாக மூடவில்லை. சொட்டிய பெட்ரோல் காற்றில் போய்விட, தரையில் தங்கிய கறையின் மேல் அம்மா தினமும் காலையில் சாணம் தெளித்து மெழுகியிருந்தாள். திருட வந்தவர் குழாயைக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டா போவார்?

குழாயை எடுத்துக்கொண்டு சித்தப்பாவிடம் போனேன். தொட்டியில் கால் கழுவிக்கொண்டிருந்தவர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

“நீங்க போட்டதுங்களா சித்தப்பா?”

“பின்ன? உங்கப்பா சேலத்துல கெடந்தப்ப பழைய டியூப்பு வெடிச்சு ஒழுகிட்டிருந்துச்சு. மாடு கட்டற எடம், பீடி குடிக்கறவன் நாலு பேரு வந்து போறான். பாத்துட்டு சும்மா இருக்கச் சொல்றியா? வாயில ஊதி அடப்பு எடுத்து, என் டிரிப்பு டியூப்புல ஒரு துண்டு வெட்டிச் சொருகினேன். ரெண்டு வேள சோத்துல பெட்ரோல் வாசன.”

“சொல்லியிருக்கலாமுங்களே.”

“யாருகிட்ட? உங்க பசுமாட்டுக்கிட்டயா?” தலையை ஆட்டினார். “திருடன்னு பேரு வந்ததுக்கு அன்னைக்கே ஒரு கேன் புடிச்சிருக்கலாம் போல.”

திரும்பி வந்து சொன்னேன். “அவன் சொன்னான், நீ நம்பிட்ட,” என்றார் அப்பா. “இத்தன புஸ்தகம் படிச்ச, ஆளப் படிக்கத் தெரியல.” அம்மா மட்டும் அந்தக் குழாயை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

புதுக் குழாயையும் வாஷரையும் கிளிப்புகளையும் மாட்டினேன். அதன்பின் கீறல் இறங்கவில்லை. “கிளிப்பு போட்டதும் பயந்துட்டான்,” என்றார் அப்பா. ஆனால் அதைப் பசுவிடம் சொல்லவில்லை. என்னிடம், தணிந்த குரலில் சொன்னார்.

திங்கட்கிழமை மேஸ்திரி நூல்கயிற்றோடு வந்தார். “தக்காளி முடியட்டும், பாத்துக்கலாம்,” என்று அனுப்பிவிட்டார் அப்பா. தக்காளி முடிந்தது, அவரைக்காயும் முடிந்தது. மேஸ்திரி கேட்பதையே விட்டுவிட்டார். அப்பாவின் சந்தேகம் தீர்ந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தீர்ந்திருந்தாலும் அதை ஒப்புக்கொள்கிறவர் அல்லர் அவர். அவர்கள் கடைசிவரை நேருக்கு நேர் பேசவுமில்லை.

அப்பா போய்விட்டார். கொட்டகையின் இந்தப் பக்கம் அம்மா இருக்கிறாள். அந்தப் பக்கம் சித்தப்பா இருக்கிறார். நடுவில் சுவர் இன்னும் எழவில்லை.