ஒற்றைத் தோடும் உச்சிக் குடையும்

ஐராவதி ஆற்றங்கரையில் அந்த ஊரில் நின்று ஒருவர் தும்மினால், சத்தம் நாலு புத்தர் கோபுரங்களில் மோதித் திரும்பி வரும். அந்த நாலில் மூன்றின் தலையில் ஆலஞ்செடி முளைத்திருக்கும். எல்லோரும் புதிதாகக் கட்டுவார்களே தவிர, பழையதைத் தொடமாட்டார்கள். இடிந்ததை எவன் பூசினாலும் புண்ணியம் முதலில் கட்டியவனுக்கே போய்ச் சேரும் என்பது ஊரின் அசைக்க முடியாத நம்பிக்கை.

கடலையெண்ணெய்ச் செக்கு வைத்திருந்த தவுங் பே என்பவருக்கு வாழ்க்கையில் ஒரே ஆசைதான். கோபுரம் கட்டியவரை ஊர் 'பயா தகா' என்று கைகூப்பி அழைக்கும். கட்டின மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவாள். அவருக்கு வாய்த்த பட்டமோ 'எண்ணெய்'. "எண்ணெய் வர்றாரு, பாத்து நில்லுங்கப்பா, வழுக்கிடும்" என்று தேநீர்க்கடையில் ஒரு சிரிப்பு எழும். அங்கே நொறுக்காகத் தின்னும் ஊறவைத்த தேயிலை அவருக்கு மட்டும் கசக்கும்.

மடத்துப் பெரிய பிக்கு ஒருநாள் கேட்டார்: "ஏன்ப்பா, ஆத்தோரத்துல ஒண்ணு சாஞ்சு கெடக்கே, அதை நிமித்தக் கூடாதா?"

"சாமி, காசு என்னுது, புண்ணியம் எவனுக்கோவா? நான் எண்ணெய்தான் ஆட்டுறேன், மூளையை இல்ல."

ஆனால் செங்கல் விற்கிற விலையில் அடியிலிருந்து கட்ட அவருக்கு மனம் வரவில்லை. அவருடைய கடலைக் காட்டு மூலையில் முள் மூடிய மேடு ஒன்று இருந்தது; அதன் மேலேயே எழுப்பினால் பாதிச் செலவு மிச்சம். கொத்தனார் சான் லின் முள்ளை வெட்டியதும் உள்ளே பழைய செங்கல் தெரிந்தது. மண்ணுக்குள்ளிருந்து கோபுர உச்சியில் ஏற்றும் துருப்பிடித்த இரும்புக் குடையும் அதில் சில மணிகளும் கிடைத்தன.

"அண்ணே, இது பழைய கோபுரம்ணே!"

"மெதுவாப் பேசுய்யா. கட்டினவன் யாருன்னு யாருக்காவது தெரியுமா? அட்ரஸ் இல்லாதவனுக்குப் புண்ணியம் எப்படிப் போய்ச் சேரும்? மேலயே சுத்திக் கட்டு. மணியைப் புளி போட்டுத் தேச்சுப் புதுக் குடையில மாட்டு. வெங்கலம் வெங்கலந்தானே!"

அப்படியே கோபுரம் எழுந்தது. வெள்ளையடித்தபோது நிலாவே வெட்கப்பட்டு இரண்டு நாள் வரவில்லை என்பார்கள்; அமாவாசையாக இருந்திருக்கலாம்.

குடை ஏற்றும் நாளில் ஊரே கூடியது. பொன் பூசிய குடையை உச்சிக்கு ஏற்றுமுன் கூட்டத்தின் நடுவே கொண்டுபோனார்கள். பெண்கள் மோதிரத்தையும் சங்கிலியையும் கழற்றி அதில் கட்டினார்கள். தவுங் பே புதுப் பட்டு லுங்கியில், முதல் 'பயா தகா' எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

குடை, லே யின் என்பவளின் அருகில் வந்தது. மீன் கருவாடு விற்பவள். எப்போதும் ஒற்றைக் காதில் மட்டும் மாணிக்கத் தோடு போட்டிருப்பாள். இன்னொன்றை அடகுக்கடைக்காரன் தின்றுவிட்டான் என்று ஊர் கேலி பேசும்.

அவள் ஒரு மணியைப் பிடித்தாள். வெளிப்புறத்தை மட்டும் தேய்த்தவர்கள் கவனிக்காத உட்புறத்தில், மணியின் நாக்கில் கம்பியால் கட்டிய ஒரு மாணிக்கத் தோடு ஆடியது. தன் காதுத் தோட்டைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். அச்சு அசல் ஒரே சோடி.

"எங்க பாட்டி குடையில கட்டின தோடு! எங்க தாத்தா கட்டின கோபுரம் ஆத்து வெள்ளத்துல போயிடுச்சுன்னு அம்மா அழுவா. யோவ் எண்ணெய், இதை எங்கேயிருந்து எடுத்தே?"

சான் லின் வானத்தைப் பார்த்தான். அவன் வானத்தைப் பார்த்த விதமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

"அப்ப இது மராமத்து!" என்றது ஒரு குரல். "புண்ணியம் லே யின்னோட தாத்தாவுக்கு!"

பெரிய பிக்கு சிரிப்பை விசிறிக்குப் பின்னால் ஒளித்தார். "தவுங் பே, குடையை ஏத்தட்டுமா, எறக்கட்டுமா?"

இறக்கினால் ஊர் காறித் துப்பும். ஏற்றினால் கருவாட்டுக்காரியின் தாத்தாவுக்கு மோட்சம். தவுங் பே லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "ஏத்துங்க சாமி."

லே யின் இரண்டாவது தோட்டையும் குடையிலேயே கட்டிவிட்டாள். அவள் கண் கலங்கியது. அவர் கண்ணும்தான், வேறு காரணத்துக்காக. குடை மேலே போனது. "சாது! சாது! சாது!" என்று மும்முறை வாழ்த்தியது ஊர்.

இப்போது அவள் கருவாட்டுக் கூடையோடு வாரம் தவறாமல் வருகிறாள். "கெழக்குப் பக்கம் சுண்ணாம்பு உரியுது, கவனிங்கண்ணே. தாத்தா பாத்துட்டிருப்பாரு."

தவுங் பேயும் அசரவில்லை. மிச்சக் காட்டில் எவனும் கட்டியிராத மண்ணாகத் தேடி, புதுக் கோபுரத்துக்குக் கடப்பாரை போடுகிறார். போட்ட இடத்திலெல்லாம் 'ணங்'கென்று செங்கல்.