அம்சக்கா சுவரில் கீறிய கோடுகள்

வீட்டுக்குள் மழைத்தண்ணீர் வந்தால் எல்லோரும் முதலில் அரிசியைத் தூக்கி மேலே வைப்பார்கள். எதிர்வீட்டு அம்சக்கா அரிவாளைத் தேடுவார். தண்ணீர் ஏறி நின்ற உயரத்தில் சுவரில் ஒரு கோடு கீறிய பிறகுதான் இறைக்கத் தொடங்குவார். எழுதத் தெரியாததால் கோட்டின் பக்கத்தில் வருஷம் இருக்காது.

மன்னார்குடியில் எங்கள் தெரு வயலைத் தூர்த்து மனை போட்ட இடம். அதற்கு முன்பே வரப்போரம் மண்வீடு கட்டிக்கொண்டவர் அம்சக்கா. புருஷன் இல்லை. நடவுக்குப் போய் ஒரு பெண்ணை வளர்த்து நன்னிலத்தில் கட்டிக்கொடுத்தார். அந்த வீட்டைத் தவிர அவருக்கு வேறு எதுவும் கிடையாது.

தொண்ணூற்று மூன்றில் என் வீட்டுக்காரர் துபாயிலிருந்து அனுப்பியதில் நாங்கள் வீடு கட்டினோம். எவ்வளவு தண்ணீர் வரும் என்று கொத்தனாருக்குத் தெரியவேண்டியிருந்தது. டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்தார். ஒரு முனையை அம்சக்காவே தன் மேல்கோட்டில் பிடித்துக்கொண்டு நின்றார். மறுமுனை காட்டிய இடத்துக்கு மேல் ஒரு சாண் ஏற்றி எங்கள் பேஸ்மட்டம் எழுந்தது.

அடுத்த மழையில் எங்கள் மனையில் நிற்கவேண்டிய தண்ணீரும் சேர்ந்து அவர் வீட்டுக்குள் போனது. புதுக்கோடு நாலு விரல் மேலே விழுந்தது. பிறகு அம்சக்காவின் பக்கத்து மனையில் சாரங்கபாணி கட்டினார். அவர் மகன் சிங்கப்பூரில். அவர் அந்தப் புதுக்கோட்டிலிருந்து ஒரு முழம் ஏற்றினார். அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு வீடும் அப்படித்தான். யார் கேட்டாலும் அம்சக்கா காட்டினார். கேட்டு வருகிறார்களே என்று அவருக்குப் பெருமை. நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை வந்த தண்ணீர் வருஷா வருஷம் வந்தது. ஒரு ஐப்பசியில் இரண்டு தடவை இடுப்பளவு நின்றது.

ஒருநாள் அவர் சாரங்கபாணியிடம் போய், ஓரமாக ஒரு வடிகாலுக்காவது இடம் விடச் சொன்னார்.

"நீயும் தூக்கிக் கட்டேன் அம்சம். யாரு வேணாம்னா?" என்றார் அவர். நின்றவர்கள் சிரித்தார்கள்.

இரண்டாயிரத்து ஆறில் வடிகால் போடக் கணக்கெடுக்க ஒரு இன்ஜினியர் வந்தார். பத்து வருஷத்தில் எத்தனை தடவை தண்ணீர் வந்தது என்று வீடு வீடாகக் கேட்டார். வெள்ளம் வரும் தெரு என்று எழுதிவிட்டால் மனை விலை போகாது என்று சாரங்கபாணி முன்னமே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். பதினோரு வீட்டில் பத்து வீடு இல்லை என்றது.

அம்சக்கா கோடுகளைக் காட்டினார். இன்ஜினியர் டேப் வைத்து அளந்தார். எந்தக் கோடு எந்த வருஷம் என்று கேட்டார்.

"இது பொண்ணு சமைஞ்ச வருஷம். இது அவ கல்யாணத்துக்கு முந்தின மழை. இது..." நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நூரு, ஒனக்குத் தெரியுமே, சொல்லேன்."

எனக்குத் தெரியும். ஒவ்வொரு மழையும் எந்த வருஷம், எந்த மாதம் என்று ஞாபகம் இருந்தது. என் பின்னால் என் மாமியார் நின்றார். நான் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, "எங்க வீட்டுக்குத் தண்ணி வந்ததில்லைங்க" என்றேன்.

அது பொய்யில்லை.

"வருஷம் தெரியாம எத எழுதுறது? ஒரு வீட்டுக்கு மட்டும் வந்தா அது வெள்ளம் இல்லம்மா. ஒங்க வீடு பள்ளம்," என்று இன்ஜினியர் நோட்டை மூடினார்.

வடிகால் வேறு தெருவுக்குப் போனது. அந்தக் கார்த்திகையில் அம்சக்காவின் பின்சுவர் ஊறி விழுந்தது. இரண்டு நாள் பள்ளிக்கூடத்தில் படுத்திருந்தார். தெருவில் யாரும் உள்ளே வரச் சொல்லவில்லை, நாங்களும்தான். இடிந்த வீட்டு மனையைச் சாரங்கபாணி வாங்கி, லாரி லாரியாக மண்ணடித்து மேடாக்கிக் கார் ஷெட் போட்டார்.

அம்சக்கா இப்போது நன்னிலத்தில் மகள் வீட்டு மாட்டுக்கொட்டகையோரம் இருக்கிறார். இந்தத் தெருவில் பள்ளமான வீடு எங்களுடையது. போன மழையில் கூடம் வரை தண்ணீர் வந்தது. வடிகால் இன்னும் வரவில்லை.