காலண்டர் தாளில் அழித்த கோடு

தர்மபுரியில் எந்தப் புத்தகக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் நம்மைப் போலீஸ் வேலைக்குத் தயார் செய்துவிடுவார்கள். அது வேண்டாம் என்றால் கிராம நிர்வாக அலுவலர். அதுவும் வேண்டாம் என்றால் பத்தாம் வகுப்பு வினா வங்கி. இந்த மூன்றுக்கும் வெளியே ஒரு மனுஷிக்குப் படிக்க என்ன இருக்கப்போகிறது? நாற்பத்திரண்டு வயதில் நான் போய்க் கம்ப்யூட்டர் புத்தகம் கேட்டால், "பாப்பா எந்தக் காலேஜுங்க?" என்றுதான் கேட்டார்கள். எனக்குப் பாப்பாவும் இல்லை, காலேஜும் இல்லை, புத்தகம் எனக்குத்தான் என்று மூன்று கடைகளில் சொன்னேன். நான்காவது கடையில் சொல்லவில்லை.

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடி பதினோரு வருடமாக வேலை பார்த்துவந்தேன். தகவல்களை வரிசை வரிசையாக அட்டவணைகளில் போட்டு வைத்திருப்பார்கள். அவற்றிடம் கேள்வி கேட்டு வேண்டியதை எடுப்பதும், ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகியிருந்தால் கண்டுபிடித்து ஒன்றை நீக்குவதும் என் வேலை. அந்த நீக்கும் வேலையில் எனக்கு நல்ல பெயர். ஒரு நாள் காலைக் கூட்டத்தில், இனி அட்டவணை கிடையாது, எல்லாம் புள்ளியும் கோடும்தான் என்றார்கள். ஒவ்வோர் ஆளும் ஒரு புள்ளி. ஒருவருக்கும் இன்னொருவருக்கும் உள்ள தொடர்பு ஒரு கோடு. கேள்வி கேட்கும் மொழியும் புதிது. இரண்டு மாதத்தில் பரீட்சை, தேறாதவர்களுக்கு வேலை இல்லை.

"நீங்க சீனியர் மேடம், உங்களுக்கெல்லாம் இது ஈசி" என்றார் மேலாளர். அவர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர்.

இந்த வேலை போனால் எனக்கு இன்னொரு வேலை கிடையாது. இந்த வயதில், இந்த ஊரில் உட்கார்ந்திருப்பவளை யார் எடுப்பார்கள்? என் கணவர் தக்காளி போடுகிறார். ஒரு வாரம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகக் கூடை போதாது. மறு வாரம் பறிக்கிற கூலிக்குக் கட்டாமல் செடியிலேயே விட்டுவிடுவார். வீடு நிமிர்ந்து நின்றது என் சம்பளத்தில்தான்.

ஆனாலும் முதலில் நான் பயப்படவில்லை. புத்தகம் மட்டும் கையில் இருந்தால் எதையும் படித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. தமிழ் மீடியத்தில் படித்து, டிக்‌ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டவள் நான். கூட வேலை பார்க்கிற பிள்ளைகள் வீடியோ பார்த்தார்கள். வீடியோவில் பேசுகிறவர் எனக்காக நிற்கமாட்டார். செயற்கை நுண்ணறிவிடம் கேட்கலாமே என்றார்கள். கேட்டேன். நன்றாகத்தான் சொன்னது, மறுநாள் அதையே கேட்டால் வேறு மாதிரி, அதுவும் நன்றாகவே சொன்னது. எனக்கு அடிக்கோடு போட ஒரு பக்கம் வேண்டும். கோபம் வந்தால் மூடிவைத்துவிட்டு, மறுநாள் திறந்தால் அதே இடத்தில் அதே வரி இருக்க வேண்டும்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பாய் பழைய புத்தகமும் புதிய புத்தகமும் கலந்து வைத்திருந்தார். கேட்டதும் சிரிக்காத ஒரே கடைக்காரர் அவர்தான். "பேர எழுதிக் குடுங்கம்மா. மெட்ராஸ்ல சொல்லி வெக்கறேன். எப்ப வரும்னு மட்டும் கேக்காதீங்க" என்றார். இணையத்தில் நாலு பேர் நல்லதென்று சொன்ன ஒரு புத்தகத்தின் பெயரை எழுதிக் கொடுத்தேன். இணையத்திலேயே வாங்கலாம் என்று பார்த்தால் இருப்பு இல்லை என்றே காட்டியது.

அதற்குள் வேறு மூன்றை வரவழைத்தேன். முதலாவது களவாக அச்சடித்தது. படங்கள் எல்லாம் கறுப்புத் திட்டுகள். புள்ளியும் கோடும் பற்றிய புத்தகத்தில் புள்ளியும் தெரியவில்லை, கோடும் தெரியவில்லை. இரண்டாவது, தலையணைக்கு ஆகும். முதல் அத்தியாயத்திலேயே "உங்களுக்குத் தெரிந்ததுபோல" என்று பதினாறு இடத்தில் எழுதியிருந்தது. எண்ணினேன், அவ்வளவு எரிச்சல். மூன்றாவது புரிந்தது. பாதி படித்த பிறகுதான் அது அந்த மென்பொருளின் பழைய பதிப்புக்கு எழுதியது, அந்தக் கட்டளைகளில் பாதி இப்போது ஓடாது என்று தெரிந்தது. அன்று அடுப்படியில் நின்று அழுதேன். பால் பொங்கி வழிந்தபோதுகூட அடுப்பை அணைக்கத் தோன்றவில்லை.

நல்ல புத்தகம் என்றால் என்ன என்று அந்த நாட்களில்தான் எனக்குப் பிடிபட்டது. சரியான வழியைச் சொல்வதை எல்லாப் புத்தகமும் செய்யும். நாம் எந்த இடத்தில் தப்புப் பண்ணுவோம் என்று தெரிந்து, அங்கே வந்து நமக்காகக் காத்திருப்பதுதான் நல்ல புத்தகம். என்னிடம் இருந்த மூன்றில் ஒன்றுகூடக் காத்திருக்கவில்லை.

இருக்கிறதை வைத்து ஓட்டலாம் என்று நானே பழக உட்கார்ந்தேன். புத்தகங்களில் உதாரணம் எல்லாம் வெளிநாட்டு சினிமாக்காரர்கள். யார் எந்தப் படத்தில் நடித்தால் எனக்கென்ன? பழைய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எங்கள் சொந்தக்காரர்களை வரைந்து சுவரில் ஒட்டினேன். அதையே கம்ப்யூட்டரிலும் ஏற்றினேன். நான் ஒரு புள்ளி. என் அம்மா ஒரு புள்ளி. என் கணவர் ஒரு புள்ளி. அவர் எனக்குத் தாய்மாமன், அம்மாவின் சொந்தத் தம்பி. எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். ஆகவே எனக்கும் அவருக்கும் ஒரு கோடு, எனக்கும் அம்மாவுக்கும் ஒரு கோடு, அம்மாவுக்கும் அவருக்கும் ஒரு கோடு.

என்னிடமிருந்து இரண்டு கோட்டுக்குள் எட்டுகிறவர்கள் யார் யார் என்று கேள்வி எழுதி ஓட்டினேன். பட்டியல் வந்தது. என் அம்மா பெயரும் என் கணவர் பெயரும் மட்டும் இரண்டு முறை இருந்தன. கேள்வியை மாற்றி மாற்றி எழுதினேன். அக்காவும் தம்பியும் இரண்டு முறைதான் வந்தார்கள். மூன்று நாள் இதிலேயே போயிற்று. புத்தகங்களைப் புரட்டினேன். அந்த சினிமாக்காரர்கள் வீட்டில் இந்தச் சிக்கலே இல்லை.

நான்காம் நாள் பதினோரு வருடப் பழக்கம் கைகொடுத்தது. அப்படித்தான் நினைத்தேன். ஒரே ஆள் இரண்டு முறை வந்தால் ஒன்றை நீக்கு. அம்மாவுக்கும் அவருக்கும் இருந்த கோட்டை அழித்தேன். பட்டியல் சுத்தமாக வந்தது. நோட்டில் அதை ஒரு விதியாக எழுதி, சிவப்பில் கட்டம் போட்டேன். சுவரில் இருந்த தாளிலும் அந்தக் கோட்டை ரப்பரால் அழித்துவிட்டேன்.

மார்க்கெட்டிலிருந்து வந்த என் கணவர் முகம் கழுவிவிட்டுத் தாளைப் பார்த்தார். கம்ப்யூட்டர் பக்கமே வராதவர் அவர். விரலை வைத்து ஒவ்வொரு கோடாகத் தேடினார்.

"என்ன புள்ள, எங்கக்காளுக்கும் எனக்கும் கோடே காணோம்? அக்கா தம்பிய அத்து வுட்டுட்டியா?"

"அது மிஷினுக்குப் போட்டது மாமா. ரெண்டு கோடு இருந்தா அது ஒத்துக்காது. வெளையாடாம போங்க."

"அதுக்காவ எங்கக்கா எனக்கு அக்கா இல்லன்னு ஆயிருமா?" என்று சிரித்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தார். நான் சிரிக்கவில்லை. தக்காளிக்காரருக்கு என்ன தெரியும் என்று எண்ணினேன். அதை எழுத இப்போது கூச்சமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் எண்ணினேன்.

பரீட்சையில் கிடங்குகளும் கடைகளும் வந்தன. எந்தக் கடைக்கு எந்த வழியாகச் சரக்குப் போகிறது என்று கேள்வி. என் பட்டியலில் சில கடைகள் இரண்டு முறை வந்தன. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்; இது எனக்குத் தெரியும். ஒவ்வொன்றிலும் ஒரு கோட்டை நீக்கிச் சுத்தம் செய்தேன். அடுத்து வந்த கேள்விகள் எல்லாம் அதே வரைபடத்தின் மேல்தான். நேரம் முடிய இருபது நிமிடம் இருக்கும்போதே முடித்துவிட்டு, எழுந்து தண்ணீர் குடித்தேன்.

ஒரு வாரம் கழித்து இரண்டு வரியில் மெயில் வந்தது. வருந்துகிறோம் என்று ஒரு வரி. மாதக் கடைசியோடு முடிகிறது என்று ஒரு வரி. அன்று வீட்டில் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பாய் போன் செய்தார். "அம்மா, நீங்க கேட்ட புக்கு வந்திருச்சுங்க. ஒண்ணே ஒண்ணுதான் கெடச்சுது."

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் மனிதர் இரண்டு மாதமாக எனக்காகச் சொல்லி வைத்திருந்தார். போய் வாங்கினேன். "இதுல படிச்சுப் பெரிய ஆளா வாங்கம்மா" என்றார். தலையாட்டினேன்.

பாலக்கோடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பிரித்தேன். எழுத்து கண்ணுக்கு இதமாக, வாக்கியங்கள் சின்னச் சின்னதாக, யாரோ எதிரில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது. மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பக்கம் முழுக்க, அட்டவணையிலிருந்து வருகிறவர்கள் செய்கிற தப்பைப் பற்றித்தான். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் பயப்படாதீர்கள், அது பிழை அல்ல, அந்த ஆளிடம் போக இரண்டு வழி இருக்கிறது என்று பொருள். கோட்டை மட்டும் தொடாதீர்கள். அந்தக் கோட்டை நம்பி வேறு யாராவது இருப்பார்கள். பெயரை ஒரு முறை மட்டும் காட்டு என்று கேள்வியில் கேளுங்கள், போதும். இவ்வளவுதான் எழுதியிருந்தது. அப்படிக் கேட்பதற்கான கட்டளைச் சொல், பழைய வேலையில் நான் தினமும் எழுதியதுதான். புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். என் நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது. அடுத்த ஊரில் இறங்கித் திரும்ப நடந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பேனாவை எடுத்துச் சுவரில் இருந்த தாளில் அம்மாவுக்கும் அவருக்கும் கோடு போட்டேன். ஏன் போட்டேன் என்று தெரியவில்லை. இனி அந்தத் தாளுக்கு ஒரு வேலையும் இல்லை.

சாயங்காலம் வந்த என் கணவர் அதைப் பார்த்துவிட்டார்.

"அட, எங்கக்காகூடச் சேத்து வெச்சுட்டியே! இப்ப மட்டும் உன்ற மிஷினு ஒத்துக்குதா?"

"அது எப்பவும் ஒத்துக்கும் மாமா. எனக்குத்தான் தெரியல. வேல போயிருச்சு."

சிரிப்பு முகத்திலேயே நிற்க, அவர் காலண்டர் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார்.